போர்ச்சுகலுக்கு எந்த மாதம் போவது? வானிலையை வைத்துப் பயணம் திட்டமிட முழுமையான வழிகாட்டி

"லிஸ்பனில் ஜனவரியில் பகல் 15 டிகிரி, ஆகஸ்டில் 28 டிகிரி. எப்போது போனாலும் சுகம்தானே?" போர்ச்சுகலுக்கு டிக்கெட் போடும் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். எண்ணில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் போனவர்கள் ஜனவரியில் அறைக்குள்ளேயே ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஜூலையில் கடலில் கால் வைத்த வேகத்தில் கரைக்கு ஓடி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஓடி வந்தவர்களில் நானும் ஒருவன்.

சராசரி வெப்பநிலை நான்கு விஷயங்களைச் சொல்வதில்லை: கடல் நீரின் குளிர், மதியக் காற்று, வீட்டுக்குள் இருக்கும் குளிர், கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் உள்ள வித்தியாசம். இவற்றை எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. வரிசை முக்கியம். டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு வானிலையைக் கடைசியில் பார்த்தால், கட்டிய பணத்தை விட்டுவிடுவதா, மழையில் நனைவதா என்ற இடத்தில் வந்து நிற்பீர்கள்.

1. டிக்கெட் போடும் முன் கையில் இருக்க வேண்டியவை

யார் யார் வருகிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவரோ கைக்குழந்தையோ இருந்தால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். தலைநகர் லிஸ்பனும் வடக்கே இருக்கும் போர்ட்டோவும் மேடு பள்ளமான ஊர்கள். லிஸ்பன் நடைபாதைகளில் பதித்திருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள் மழையில் சோப்புப் போட்டது போல வழுக்கும். பெரியவர்களோடு நவம்பர், டிசம்பரில் போக நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. அதற்குக் காரணம் இந்தக் கல்தான், குளிர் அல்ல.

அடுத்து, தேதியில் உங்களால் எவ்வளவு நகர முடியும் என்று பாருங்கள். இரண்டு வாரம் முன்னே பின்னே போக முடிந்தாலே நிறைய மாறும். செப்டம்பர் 15க்கும் அக்டோபர் 20க்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானது அல்ல.

மூன்றாவது விசா. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் அந்த 15 நாளை நம்பி உட்காராதீர்கள். கோடைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே மாதத்தை ஆறேழு மாதம் முன்பே முடிவு செய்துவிடுங்கள். விசாவுக்கான மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

2. மாதத்தை விடுங்கள், முதலில் ஆசைப் பட்டியல்

"எந்த மாதம் நல்ல மாதம்?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. "இதைப் பார்க்க எந்த மாதம்?" என்று கேட்டால் பதில் உண்டு. அங்கே என்னென்ன பார்க்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் ஐந்தாறு வரி எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் மாதத்தைக் குறியுங்கள்.

நண்பர் ஒருவர் ஜூலையில் நசரே என்ற கடலோர ஊருக்குப் போய்வந்தார். மலை போல அலை எழும் காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். கலங்கரை விளக்கக் கோட்டையில் ஏறி நின்றால் கீழே கடல் சாதுவாகக் கிடந்ததாம். நசரேயின் பேரலைகள் அக்டோபர் முதல் மார்ச் வரைதான். அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயல்கள் கிளப்பும் அலைகளை, கரைக்கு அருகே கடலடியில் இருக்கும் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்றுசேர்த்து உயர்த்துகிறது. அலைச்சறுக்கு வீரர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் அங்கே 26.21 மீட்டர் அலையில் சறுக்கிச் சாதனை படைத்தது 2020 அக்டோபர் 29. அந்தப் பருவத்திலும் தினமும் பேரலை வராது. ஒரு வாரமாவது அந்தப் பக்கம் இருந்தால்தான் பார்க்க வாய்ப்பு.

மற்றவை வேகமாக: தெற்குக் கடலோரப் பகுதியான அல்கார்வில் பாதாம் மரம் பூப்பது ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரை. லிஸ்பனுக்கும் அல்கார்வுக்கும் நடுவே உள்ள அலென்தேஜோ சமவெளியில் காட்டுப்பூ ஏப்ரலில். லிஸ்பன் தெருக்களில் ஊதா நிற ஜகரண்டா மே கடைசியில் தொடங்கி ஜூன் வரை. தெருவெங்கும் மத்தி மீன் சுடும் திருவிழா இரவுகள் லிஸ்பனில் ஜூன் 12, போர்ட்டோவில் ஜூன் 23. வடக்கே டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் திராட்சை அறுவடை செப்டம்பரில். பனி பார்க்க வேண்டுமானால் 1,993 மீட்டர் உயரமுள்ள செர்ரா டா எஷ்ட்ரேலா மலைக்கு ஜனவரி, பிப்ரவரி.

பட்டியலில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு ஆசைகள் இருந்தால் ஒன்றை வெட்டுங்கள். பேரலையும் கடல் குளியலும் ஒரே பயணத்தில் நடக்காது.

3. நாட்டை ஒன்றாகப் பார்க்காமல் பிரித்துப் பாருங்கள்

போர்ச்சுகலுக்கு மத்தியதரைக் கடலில் கரையே கிடையாது. முழுக்க அட்லாண்டிக்தான். இது மனதில் பதிந்துவிட்டால் பல குழப்பங்கள் வராது.

கோடையில் அசோர்ஸ் தீவுகளை ஒட்டி இருக்கும் உயர் அழுத்தப் பகுதி வடக்கே நகர்ந்து மழை மேகங்களை மறித்துவிடுகிறது. லிஸ்பனில் ஜூலை முழுக்க மழை பெய்யாமலே போகலாம். குளிர்காலத்தில் அது தெற்கே இறங்கிவிடும். அட்லாண்டிக் புயல்கள் வரிசையாக உள்ளே வரும். ஆக, அங்கே மழையும் குளிரும் சேர்ந்தே வரும், வெயிலும் வறட்சியும் சேர்ந்தே வரும். மழைக்காலக் கணக்கு நமக்குப் பழக்கமானதுதான்: ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் கொட்டும்போது அங்கேயும் கொட்டும்.

வடக்கு தெற்கு வித்தியாசம் முதன்மையாக மழையில். போர்ட்டோவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர், லிஸ்பனில் சுமார் 700 முதல் 750, தெற்கே ஃபாரோவில் சுமார் 500.

கிழக்கு மேற்கு வித்தியாசம் வெப்பத்தில். புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். லிஸ்பனை அடுத்த கடலோர ஊரான காஷ்கைஷில் 25 டிகிரி இருக்கும் அதே மதியம், லிஸ்பனிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எவோராவில் 38, 40 இருக்கலாம். அலென்தேஜோவின் அமரெலேஜா என்ற சிற்றூரில் 2003 ஆகஸ்ட் 1 அன்று 47 டிகிரியைத் தாண்டியது. டோரோ ஆற்றங்கரையின் பின்யாவில் 2022 ஜூலையில் 47 வந்தது. லிஸ்பன் எண்ணைப் பார்த்துவிட்டு உள்நாட்டுக்குத் துணி எடுக்காதீர்கள், நாளும் குறிக்காதீர்கள்.

வடகிழக்கு மூலையில் இருக்கும் மலைப் பகுதியைப் பற்றி அந்த ஊர்க்காரர்களே சொல்வது: ஒன்பது மாதம் இன்வெர்னு, மூன்று மாதம் இன்ஃபெர்னு. முன்னது குளிர்காலம், பின்னது நரகம். அங்கே பிரகான்சாவில் ஜனவரி இரவு பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்.

4. இப்போது மாதம்

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. விலை குறைவு, கூட்டம் குறைவு (கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தைத் தவிர). லிஸ்பனில் பகல் 15, இரவு 8. போர்ட்டோவில் பகல் 14, இரவு 5 அல்லது 6. வெயில் அடிக்கும் நாளில் வெளியே நடக்க அருமையாக இருக்கும். ஆனால் பகல் குறுகியது. டிசம்பரில் லிஸ்பனில் சூரியன் காலை 7.50 வாக்கில் எழுந்து மாலை 5.20க்குள் போய்விடும். ஒரு நாளில் இரண்டு ஊர் என்று திட்டம் போடுகிறவர்கள் இரண்டாவது ஊரை இருட்டில்தான் பார்ப்பார்கள். மழை சில நாள் விளையாட்டாக இருக்காது. 2022 டிசம்பரில் லிஸ்பனில் ஒரே வாரத்தில் இரண்டு முறை வெள்ளம் வந்தது. இந்த மாதங்களில் போவதானால் அல்கார்வும் லிஸ்பனும் போதும், வடக்கை விடுங்கள்.

மார்ச், ஏப்ரல். ஏமாற்றும் மாதங்கள். ஒரு நாள் 23, மறுநாள் 14 டிகிரியும் மழையும். "அப்ரீல், ஆக்வஷ் மீல்" என்று ஒரு பழமொழி அங்கே உண்டு, ஏப்ரலில் ஆயிரம் மழை என்று பொருள். ஆனாலும் மழை நாள் முழுக்கப் பிடித்து நிற்பது குறைவு, ஒரு மணி நேரம் அடித்துவிட்டு வெயில் வரும். அலென்தேஜோவைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை. பச்சைப் புல்லும் பூவுமாக இருக்கும் அந்தச் சமவெளி ஜூலையில் காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும்.

மே முதல் ஜூன் பாதி வரை. தேதி என் கையில் இருந்தால் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். லிஸ்பனில் பகல் 22 முதல் 26, மழை ஓய்ந்திருக்கும், இரவு 9 மணி வரை வெளிச்சம். குறை ஒன்றே ஒன்று, கடல் இன்னும் சூடாகியிருக்காது. குளிக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு அது ஒரு குறையும் அல்ல.

ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை. பள்ளி விடுமுறைக் கட்டாயத்தால் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகஸ்டில் போர்ச்சுகீசியர்களே விடுமுறையில் இருப்பார்கள், பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் வேலை பார்க்கும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் ஊர் திரும்பியிருப்பார்கள். அல்கார்வில் விலை உச்சியில். லிஸ்பன் சராசரி 28 என்றாலும் வெப்ப அலை வந்தால் 40 வரை ஏறும். போர்ட்டோ 25 டிகிரியில் நிம்மதி. ஆகவே கோடையில் போவதானால் வடக்குக் கடலோரத்துக்கு அதிக நாள் கொடுங்கள். உள்நாட்டை முழுக்கத் தவிருங்கள், அல்லது காலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

செப்டம்பர். கடல் குளியலும் ஊர் சுற்றலும் ஒன்றாக வேண்டும் என்பவர்களுக்கு இந்த மாதம்தான். நீர் ஆண்டின் உச்ச வெப்பத்தில் இருக்கும், கூட்டம் குறையத் தொடங்கும், டோரோவில் அறுவடை நடக்கும். முதல் வாரம் மட்டும் இன்னும் ஆகஸ்டு விலையிலேயே இருக்கும்.

அக்டோபர், நவம்பர். அக்டோபர் முதல் பாதி தெற்கில் கோடையின் வால். பிற்பாதியில் வடக்கிலிருந்து மழை இறங்கும். நவம்பரில் ஒரு வேடிக்கை உண்டு. புனித மார்ட்டின் நாளான நவம்பர் 11ஐ ஒட்டிச் சில நாள் வெயில் திரும்பி வரும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. "சாவ் மார்ட்டின்யு கோடை" என்பார்கள். அன்று வறுத்த செஸ்ட்நட் சாப்பிடுவது வழக்கம். தெருமுனைத் தள்ளுவண்டியில் உப்புத் தூவிச் சுட்டு, காகிதப் பொட்டலத்தில் சூடாகத் தருவார்கள். ஓடு வெள்ளைச் சாம்பல் பூத்து இருக்கும், உரித்தால் விரலில் கரி ஒட்டும். ருசி நம் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குக் கிட்டத்தில். அந்த வெயில் எல்லா ஆண்டும் வராது, அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

5. கடலில் இறங்கும் எண்ணம் உண்டா?

உண்டு என்றால் இதை இரண்டு முறை படியுங்கள். ஆகஸ்டில் வெளியே 30 டிகிரி இருக்கும்போதும் லிஸ்பன் பக்கக் கடல் 18, 19 டிகிரிதான். போர்ட்டோ பக்கம் அதைவிட ஒரு டிகிரி குறைவு. நம் வங்கக் கடல் 25க்குக் கீழே போவதே அபூர்வம் என்பதை நினைத்தால் வித்தியாசம் புரியும். கணுக்கால் எலும்பு வலிக்கும் குளிர் அது.

காரணம் கோடையில் கரையோரமாக வீசும் வடகாற்று. அது மேல்மட்ட நீரைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போகிறது, அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. வெயில் எவ்வளவு அடித்தாலும் மேற்குக் கரை சூடாகாததற்கு இதுதான் காரணம். ஆனால் அந்த நீரில்தான் மத்தி கொழுக்கிறது, அதற்காக மன்னித்துவிடலாம்.

குளிக்க வேண்டுமானால் தெற்கே அல்கார்வுக்குப் போங்கள். அங்கும் கிழக்குப் பாதிக்கு. மேற்குப் பாதியில் இருக்கும் சாக்ரெஷ், லாகோஷ் பக்கம் படத்தில் அழகு, நீர் குளிர். தவீராவைத் தாண்டி மான்டி கோர்டோ வரை உள்ள கிழக்குக் கரையில் ஆகஸ்ட், செப்டம்பரில் 22, 23 டிகிரி கிடைக்கும். தரையும் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும், குழந்தைகளுக்கு நல்லது.

கொடியைப் பார்க்காமல் இறங்காதீர்கள். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் நீந்தக் கூடாது, கரையோரம் நனையலாம். சிவப்பு என்றால் காலைக்கூட வைக்காதீர்கள். உயிர்காப்பாளர்கள் குளியல் பருவத்தில் மட்டும்தான் இருப்பார்கள். வெயில் அடிக்கிறதே என்று மார்ச்சில் இறங்கினால் கரையில் யாரும் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

6. மதியத்துக்கு மேல் வரும் வாடை

நமக்கு வாடைக்காற்று என்றால் மார்கழி. அங்கே வடக்கிலிருந்து வரும் காற்று கோடையில்தான் கோலோச்சும். "நொர்த்தாடா" என்று பெயர். காலையில் இலைகூட அசையாது. மதியம் உள்நாடு சூடேறியதும் தொடங்கி மாலை 5, 6 மணிக்கு உச்சத்துக்கு வரும்.

காஷ்கைஷ் அருகே கின்ஷு கடற்கரையில் இதை நேரில் அனுபவித்தோம். மாலை வெயில் தாழட்டும் என்று நம் ஊர்க் கணக்கில் 4 மணிக்குப் போனோம். சித்தி பிரித்த புளிசாதப் பொட்டலத்தில் இரண்டு நிமிடத்தில் மணல். கணுக்காலில் ஊசி குத்துவது போல மணல் அடித்தது. பாய்மரப் பலகையில் பறப்பவர்களுக்கு அது சொர்க்கம், எங்களுக்கு அல்ல. அங்கே வெப்பநிலை அப்போது 24. "24 டிகிரிக்கு எதற்கு ஸ்வெட்டர்" என்று எடுத்து வராதவர்கள் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆகவே மேற்குக் கரையில் கடற்கரை காலையில், அருங்காட்சியகமும் தேவாலயமும் மதியம் என்று வையுங்கள். நம் பழக்கத்துக்கு இது தலைகீழ்தான்.

7. அறை: பதிவு செய்யும் முன் தேட வேண்டிய இரண்டு சொற்கள்

போர்ச்சுகல் வீடுகள் குளிருக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பல பழைய வீடுகளில் நடுவண் சூடேற்றும் ஏற்பாடு கிடையாது, சுவர்கள் குளிரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 2023இல் வீட்டைப் போதிய அளவு சூடாக வைக்க இயலாதவர்கள் அந்நாட்டில் 20.8 விழுக்காடு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் கணக்குச் சொல்கிறது. அந்த ஆண்டு ஒன்றியத்தில் ஸ்பெயினோடு சேர்ந்து அதுதான் முதலிடம். அங்கே குடியிருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால் வாடகைக்கு விடும் அறை எப்படி இருக்கும்?

போர்ட்டோவில் ஒரு ஜனவரியில் நாங்கள் எடுத்த பழைய வீட்டில் வெளியே 12 டிகிரி, உள்ளே 14. ஒரே ஒரு சின்ன மின் ஹீட்டர். துவைத்துப் போட்ட ஜீன்ஸ் மூன்றாம் நாளும் ஈரமாக இருந்தது, துண்டு எப்போதும் பிசுபிசுப்பு. சுற்றிப் பார்த்த களைப்பைவிட அந்த ஈரம்தான் ஆளைச் சோர்வாக்கியது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை போனால் விளம்பரத்தில் "அகெசிமெந்து" என்ற வசதி உண்டா என்று பாருங்கள், அறையைச் சூடேற்றுவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை "ஆர் கொந்திசியொனாடு", அதாவது ஏசி. லிஸ்பனின் பழைய பகுதிகளில் மாடி வீடுகளுக்கு ஏசி இருப்பதை உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள். பதிவு செய்தபின் கேட்டால் "எங்கள் ஊரில் குளிரே இல்லை" என்றுதான் பதில் வரும். குளிர்காலத்தில் தெற்கு பார்த்த அறை கேளுங்கள். அங்கே சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்தப் பக்கத்துக்குத்தான் வெயில் விழும்.

8. ஊர்களை எந்த வரிசையில் வைப்பது

வசந்தத்தில் தெற்கில் தொடங்கி வடக்கே ஏறுங்கள். அல்கார்வ், அலென்தேஜோ, லிஸ்பன், போர்ட்டோ. நீங்கள் வடக்கே போய்ச் சேரும்போது அங்கும் வானம் கொஞ்சம் தெளிந்திருக்கும். இலையுதிர் காலத்தில் தலைகீழாக. மழை வடக்கில்தான் முதலில் இறங்கும் என்பதால் போர்ட்டோவை முதலில் முடித்துவிட்டு வெயிலைத் துரத்திக்கொண்டு தெற்கே வாருங்கள். லிஸ்பனுக்கும் போர்ட்டோவுக்கும் விரைவு ரயிலில் சுமார் 3 மணி நேரம்தான்.

ஒவ்வொரு நான்கு நாளுக்கும் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். மழை நாளுக்கு என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கட்டும்: லிஸ்பனில் ஓஷனேரியம் என்ற பெரிய மீன் காட்சியகம், அருங்காட்சியகங்கள், இப்படி. படகு, மலை, கடற்கரை ஆகியவற்றுக்குத் தேதி குறிக்காமல், நான்கு நாளில் எது தெளிவான நாளோ அன்று போங்கள்.

சின்ட்ராவுக்குத் தனி எச்சரிக்கை. லிஸ்பனிலிருந்து ரயிலில் 40 நிமிடம், ஆனால் வானிலை வேறு நாடு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலையில் மோதி மூடுபனியாகிவிடும். லிஸ்பனில் நீல வானம் இருக்கும் காலையில் பேனா அரண்மனையின் மஞ்சள் சுவர் பத்தடியில் தெரியாமல் போகலாம். நுழைவுச் சீட்டில் நேரம் குறித்திருக்கும், தவறவிட்டால் போச்சு. கூட்டமில்லாத மாதங்களில் இரண்டு நாள் முன்பு முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள். கோடையில் அது நடக்காது, முன்பே எடுத்தாக வேண்டும், அப்போது மதியச் சீட்டு எடுத்தால் பனி விலகியிருக்க வாய்ப்பு அதிகம்.

9. மதெய்ராவும் அசோர்ஸும் தனிக் கணக்கு

போர்ச்சுகலின் தீவான மதெய்ரா லிஸ்பனிலிருந்து தென்மேற்கே சுமார் 970 கிலோமீட்டர். அதன் தலைநகர் ஃபுன்ஷாலில் பிப்ரவரியிலும் பகல் 19, ஆகஸ்டிலும் 26தான். டிசம்பர், ஜனவரியில் மட்டுமே விடுமுறை கிடைக்கும் என்பவர்களுக்கு நான் சொல்வது இந்தத் தீவைத்தான். ஆனால் தீவின் நடுவே 1,800 மீட்டருக்கு மேல் மலை. வடகிழக்குக் காற்று கொண்டுவரும் மேகத்தை அது வடக்குப் பக்கமே நிறுத்திவிடும். வடக்கே சன்டானாவில் மழை பெய்யும்போது தெற்கே ஃபுன்ஷாலில் வெயில் அடிக்கும். தங்கும் இடம் தெற்கில் இருக்கட்டும்.

பிகோ டு அரியெய்ரு உச்சியில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் ஃபுன்ஷால் வெப்பத்தைப் பார்த்து அரைக்கால் சட்டையில் கிளம்பிவிடுகிறார்கள். மேலே 1,818 மீட்டரில் ஆகஸ்டிலும் விடியலில் பல் கிட்டும்.

மதெய்ரா விமான நிலையத்தில் பக்கக் காற்று பலமாக இருந்தால் விமானங்கள் இறங்காமல் திரும்பிவிடுவது உண்டு. ஆகவே தீவைப் பயணத்தின் முதலிலோ நடுவிலோ வையுங்கள். தீவிலிருந்து வந்த அன்றே ஊர் திரும்பும் விமானம் வைப்பது பெரிய தப்பு, நடுவில் லிஸ்பனில் ஒரு இரவாவது விடுங்கள்.

அசோர்ஸின் ஒன்பது தீவுகளில் ஒரே நாளில் நான்கு பருவமும் வரும் என்பார்கள், அது மிகை அல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை போவதே நல்லது. அப்போதும் ஏரிகளை மேகம் மூடிவிடும். தீவெங்கும் வைத்திருக்கும் கேமராக்களின் நேரலையை ஸ்பாட்அசோர்ஸ் தளத்தில் பார்த்துவிட்டு, எந்த ஏரி தெளிவாகத் தெரிகிறதோ அங்கே வண்டியை விடுங்கள். இதற்காகவே கார் வாடகைக்கு எடுப்பது நல்லது, சுற்றுலாப் பேருந்து மேகத்தைக் கேட்டுப் போகாது.

10. பெட்டி

அடுக்கடுக்காகப் போடுவதுதான் முறை. ஒரு தடித்த கோட்டைவிட, மெல்லிய பனியன், ஸ்வெட்டர், காற்றுப் புகாத மேல்சட்டை என்று மூன்று இருந்தால் காலைக்கும் மதியத்துக்கும் சமாளிக்கலாம். இது ஜூலைக்கும் பொருந்தும்.

குடையை நம்பாதீர்கள். அங்கே மழை காற்றோடுதான் வரும், குடை மேல்நோக்கி மடங்கிவிடும். தலைமூடி உள்ள ரெயின்கோட் எடுங்கள். ரப்பர் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ கட்டாயம், செருப்பு கடற்கரைக்கு மட்டும். கோடையில் சன்ஸ்கிரீன் வேண்டும். "நாம் பார்க்காத வெயிலா" என்று சொல்வோம். குளிர்ந்த காற்றில் வெயில் உறைக்காது, மாலையில்தான் தோல் எரியும். குளிர்காலத்தில் அறைக்குள் போட உலன் சாக்ஸ். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு அங்கே போய் வாங்குவார்கள்.

11. கடைசி பத்து நாளும், அங்கே ஒவ்வொரு காலையும்

பத்து நாளுக்கு முன் முன்னறிவிப்பைப் பார்ப்பதில் பயன் இல்லை. ஒரு மாதம் முன்பிருந்தே கைபேசியில் பார்த்துப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களைத் தெரியும், அந்த எண்கள் பழைய சராசரியைத் தாண்டிப் பெரிதாக எதையும் சொல்வதில்லை. ஐந்து நாள் முன்பிருந்து பாருங்கள், அதுவும் அந்நாட்டு வானிலை நிறுவனமான ஐபிஎம்ஏ தளத்தில். மாவட்ட வாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருக்கும். ஆரஞ்சு வந்தால் அன்றைய கடல், மலைத் திட்டத்தைத் தள்ளிவையுங்கள். சிவப்பு என்றால் அறையிலேயே இருங்கள்.

ஜூன் முதல் அக்டோபர் வரை அதே தளத்தில் காட்டுத்தீ அபாய வரைபடத்தையும் பாருங்கள். இதை வெளிநாட்டுப் பயணிகள் அறவே பார்ப்பதில்லை. 2017 ஜூனில் பெத்ரோகாவ் கிராண்டே பகுதியில் பற்றிய தீயில் 66 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் சாலையில் காரோடு சிக்கியவர்கள். அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் சின்ட்ரா மலைப் பூங்காக்களைக்கூட மூடிவிடுவார்கள். புகை தெரிந்தால் படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே திரும்புங்கள். அவசர எண் 112.

காலையில் அறையை விட்டுக் கிளம்பும் முன் மூன்றே மூன்றைப் பாருங்கள்: எச்சரிக்கை நிறம், மாலைக் காற்றின் வேகம், போகும் ஊரின் வெப்பநிலை. நீங்கள் இருக்கும் ஊரின் வெப்பநிலை அல்ல, போகும் ஊரின் வெப்பநிலை.